தவணையில் மனை, வீடு வாங்குவோருக்கு: கடைசித் தவணை வரை கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

2009-இல் அம்மா ஒரு மனைத் திட்டத்தில் சேர்ந்தார். மாதம் 1,500 ரூபாய், 60 மாதம். கம்பெனி ஆள் மாதாமாதம் வீட்டுக்கே வந்து பணத்தை வாங்கிக்கொண்டு, மடித்த அட்டையில் ஒரு முத்திரை குத்திவிட்டுப் போவார். 60 முத்திரையும் விழுந்த பிறகு பத்திரம் கேட்டுப் போனால், "அடுத்த மாசம் வாங்கம்மா" என்றார்கள். அடுத்த மாதமும் அதே பதில். கடைசியில் வில்லங்கம், அதாவது ஒரு சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானங்களைக் காட்டும் பதிவுத்துறைப் பட்டியல், போட்டுப் பார்த்தோம். அம்மாவுக்குக் காட்டிய மனை, அவர் பணம் கட்டிக்கொண்டிருந்த காலத்திலேயே வேறொருவருக்குக் கிரையமாகியிருந்தது. வில்லங்கச் சான்றில் அம்மாவின் பெயர் எங்குமே இல்லை. அட்டையில் மட்டும்தான் இருந்தது.

அதன் பிறகுதான் இந்தச் சட்டங்களையெல்லாம் படிக்கத் தொடங்கினேன். வங்கிக் கடன் கிடைக்காதவர்கள், சம்பளச் சீட்டு இல்லாதவர்கள், தினக்கூலியில் மிச்சம் பிடித்து வாழ்பவர்கள்தான் பெரும்பாலும் விற்பவருக்கே தவணை கட்டி இடம் வாங்குகிறார்கள். அவர்களை வைத்தே இதை எழுதுகிறேன். இதில் சொல்வதெல்லாம் தமிழ்நாட்டு நடைமுறை.

ஒன்றை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கிரைய ஒப்பந்தம் வேறு, கிரையப் பத்திரம் வேறு. முன்னது விற்பதாகத் தரும் வாக்கு, பின்னதுதான் விற்பனை. ஒப்பந்தம் போட்டதாலேயே அந்தச் சொத்தில் உங்களுக்கு உரிமை பிறந்துவிடாது என்று 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 54, நேராகவே சொல்கிறது. ஐந்து வருடம் தவணை கட்டினால், ஐந்து வருடமும் நிலம் விற்பவர் பெயரில்தான் இருக்கும். அந்த இடைக்காலத்தில் அவர் அதை அடகு வைக்கலாம், இன்னொருவருக்கு விற்கலாம், இறந்துபோகலாம், கடனில் மூழ்கலாம். கீழே வரும் ஒவ்வொரு படியும் அந்த இடைக்காலத்தைக் கடப்பதற்கானது.

முதல் படி: எதிரே இருப்பவர் யார்?

மனைப்பிரிவு போட்டு விற்கும் நிறுவனமா, அல்லது தன் ஒரே வீட்டை விற்கும் தனிமனிதரா? இரண்டுக்கும் பாதுகாப்பு வேறு வேறு.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தை மனைகளாகப் பிரித்து விற்பவரோ, 8-க்கு மேற்பட்ட குடியிருப்புகளைக் கட்டி விற்பவரோ ரெரா என்கிற 2016-ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தின்கீழ் திட்டத்தைப் பதிவு செய்தே ஆக வேண்டும். 500 சதுர மீட்டர் என்பது பன்னிரண்டு சென்ட்டுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆகவே நோட்டீஸ் அடித்து, வேன் வைத்து இடம் காட்டக் கூட்டிப்போகும் எந்த மனைப்பிரிவும் இதற்குள் வந்துவிடும். விளம்பரத்திலேயே ரெரா பதிவு எண் இருக்க வேண்டும். அந்த எண்ணைத் தமிழ்நாடு ரெராவின் இணையதளத்தில் தேடிப் பாருங்கள். திட்டத்தின் பெயர், சர்வே எண், விற்பவர் பெயர் மூன்றும் நோட்டீஸில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். "ரெராவுக்கு அப்ளை பண்ணியிருக்கோம், வந்துடும்" என்று சொன்னால், வந்த பிறகு வருகிறேன் என்று எழுந்துவிடுங்கள். பதிவுக்கு முன்னால் விளம்பரம் செய்வதற்கும் முன்பதிவு வாங்குவதற்கும் சட்டம் அவருக்கு அனுமதி தரவில்லை.

தனிமனிதரிடம் ஒரு வீட்டை வாங்குகிறீர்கள் என்றால் ரெரா வராது. அங்கே உங்கள் ஒப்பந்தம்தான் எல்லாமும்.

மூன்றாவதாக ஒரு வகை உண்டு. எந்த மனை என்றே சொல்லாமல் பணம் வாங்கிக்கொண்டு, "முடிவில் மனை எடுத்துக்கலாம், வேண்டாம்னா வட்டியோட பணத்தை வாங்கிக்கலாம்" என்பவர்கள். அது மனை விற்பனை இல்லை, மனை என்ற பெயரில் வைப்புத்தொகை திரட்டுவது. பிஏசிஎல் நிறுவனம் விவசாய நிலம் தருவதாகச் சொல்லி நாடு முழுவதும் ஏறத்தாழ 5.85 கோடிப் பேரிடம் 49,100 கோடி ரூபாய் திரட்டியது. 2014-இல் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அதைத் தடுத்து நிறுத்தியது. பணத்தைத் திருப்பித் தர உச்ச நீதிமன்றம் 2016-இல் ஓய்வுபெற்ற நீதிபதி லோதா தலைமையில் ஒரு குழுவை அமைக்க வேண்டி வந்தது. சர்வே எண், மனை எண், நான்கு எல்லை மூன்றும் எழுதிக் கொடுக்காதவரிடம் ஒரு தவணைகூடக் கட்டாதீர்கள்.

இரண்டாம் படி: பணத்துக்கு முன்னால் காகிதம்

தாய்ப் பத்திரம் (சொத்து விற்பவருக்கு எப்படி வந்தது என்று காட்டும் பழைய பத்திரம்), பட்டா, குறைந்தது 30 வருட வில்லங்கம், மனைப்பிரிவு அங்கீகார வரைபடம். வில்லங்கத்தைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் நீங்களே பார்க்கலாம். விற்பவர் எடுத்துக் கொடுத்த நகலை மட்டும் நம்ப வேண்டாம்.

வில்லங்கத்தில் பழைய கிரைய ஒப்பந்தம் ஒன்று பதிவாகி, அது ரத்தானதாக அடுத்த வரி இல்லையென்றால், உங்களுக்கு முன்னால் வரிசையில் இன்னொருவர் நிற்கிறார் என்று பொருள். அடமானப் பதிவு இருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீதுப் பத்திரமும் இருக்கிறதா என்று பாருங்கள். வங்கியில் பத்திரத்தை ஒப்படைத்து வாங்கும் கடன் பழைய காலத்தில் வில்லங்கத்தில் ஏறாமலேயே இருந்திருக்கலாம். அதனால்தான் அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கே என்று கேளுங்கள்.

மனை என்றால் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகாரம் கட்டாயம் பாருங்கள். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதிவு செய்ய 2016 முதல் தடை இருக்கிறது. அத்தனை தவணையும் கட்டி முடித்த பிறகு சார்பதிவாளர் பதிய மறுத்தால், கையில் ஒப்பந்தம் இருந்தும் அதைப் பத்திரமாக்க முடியாமல் நிற்பீர்கள்.

கையெழுத்துப் போடுபவர் நில உரிமையாளர்தானா, அவர் சார்பில் செயல்படப் பவர் (அதிகாரப் பத்திரம்) வாங்கியவரா என்பதையும் கவனியுங்கள். பவர் என்றால் அது பதிவானதா, விற்கவும் பணம் வாங்கவும் அதில் அதிகாரம் இருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று மூன்று கேள்விகள். கொடுத்தவர் இறந்தால் பவர் பொதுவாக அன்றோடு முடிந்துவிடும். ஐந்து வருடத் தவணையில் இது நடக்காத காரியமில்லை. முடிந்தவரை உரிமையாளரையே ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பூர்விகச் சொத்து என்றால் பங்காளிகள், அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பவர் பத்திரத்தையே கிரையம் போலக் காட்டி "இதுவே போதும்" என்பார்கள். போதாது. பவரும் ஒப்பந்தமும் சேர்ந்து உரிமை தந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் 2011-இலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது.

மூன்றாம் படி: ரொக்க விலை என்ன என்று கேளுங்கள்

"வட்டியில்லாத் தவணை" என்ற சொல்லை நம்புவதற்கு முன் ஒரு கேள்வி: "மொத்தமா இன்னைக்கே கொடுத்தா என்ன விலை?" 5 லட்சம் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தவணை என்றால் மாதம் 10,000 வீதம் 72 மாதம். கூட்டினால் 7,20,000. அந்த 2,20,000 ரூபாய்தான் வட்டி. ஆண்டுக்கு ஏறத்தாழ 13 சதவீதம் ஆகிறது. அது நியாயமா இல்லையா என்பது உங்கள் முடிவு. வங்கியில் கடன் கிடைக்க வழி இருந்தால் அந்த வட்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வங்கிக் கடனில் பத்திரம் முதல் நாளே உங்கள் பெயருக்கு வந்துவிடும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

நான்காம் படி: பத்திரத்தை முதலிலேயே தர முடியுமா?

இந்தக் கேள்வியை நம்மூரில் யாரும் கேட்பதே இல்லை. கேட்க வேண்டும். விலையில் ஒரு பகுதியைக் கொடுத்து, மீதியைப் பிறகு தருவதாக வாக்களித்தும் கிரையம் செய்யலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. கிரையப் பத்திரம் இன்றே உங்கள் பெயரில். பாக்கித் தொகைக்கு அதே சொத்தை விற்பவருக்கு அடமானம் எழுதிக் கொடுக்கிறீர்கள். தவணை முடிந்ததும் அவர் ரசீதுப் பத்திரம் எழுதித் தருகிறார். நீங்கள் கட்டத் தவறினால் அவர் அடமானக்காரராக வழக்குப் போட்டுத்தான் பணத்தை வாங்க முடியும். நிலத்தை அப்படியே எடுத்துக்கொண்டு கட்டிய பணத்தையும் வைத்துக்கொள்ள வழியில்லை. அவருக்கும் பாதுகாப்பு இருக்கிறது, உங்களுக்கும் இருக்கிறது.

நிறுவனங்கள் பெரும்பாலும் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் தெரிந்தவர், உறவினர், ஊர்க்காரர் தன் வீட்டைத் தவணைக்குத் தருகிறார் என்றால் ஒப்புக்கொள்ள வாய்ப்புண்டு. பத்திரச் செலவை முதலிலேயே செய்ய வேண்டியிருக்கும். எனக்கு அந்தச் செலவு நியாயமாகவே படுகிறது.

ஐந்தாம் படி: ஒப்பந்தம், அதன் பதிவு

பத்திரம் முதலில் கிடைக்காதபோது அடுத்த அரண் இதுதான். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் அசையாச் சொத்துக்கான கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். முத்திரைத் தாளில் எழுதி நோட்டரி முத்திரை வாங்குவது பதிவு ஆகாது. பதிவால் என்ன பயன்? ஒப்பந்தத்தை அறியாமல் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கிய மூன்றாமவரைச் சட்டம் காப்பாற்றும். அம்மாவின் மனையை வாங்கியவரை அதுதான் காப்பாற்றியது. ஆனால் உங்கள் ஒப்பந்தம் பதிவாகியிருந்தால், பின்னால் வாங்குகிறவர் அதை அறிந்தவராகவே சட்டம் கருதும். "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. வில்லங்கம் போட்ட உடனே உங்கள் பெயர் எழுந்து நிற்கும்.

நிறுவனத்திடம் வாங்குபவர்களுக்கு இன்னும் உறுதியான விதி ஒன்று உண்டு. ரெரா சட்டம் பிரிவு 13-இன்படி, விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்யாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. மேலே சொன்ன 7,20,000 ரூபாய் மனையில் 10 சதவீதம் 72,000. எட்டாவது தவணை கொடுத்தால் 80,000 ஆகிவிடும். ஆகவே எட்டாவது தவணை கேட்டு வரும்போது பதிவான ஒப்பந்தம் உங்கள் கையில் இருந்தாக வேண்டும். "கடைசியில எல்லாத்துக்கும் சேர்த்துப் பத்திரம்" என்ற வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமே இல்லை. ஒப்பந்தம் போட்ட பிறகு நிறுவனம் அந்த மனையை அடகு வைத்தாலும் அது உங்கள் உரிமையைப் பாதிக்காது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது.

ஒப்பந்தத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று ஆவண எழுத்தரிடமே விட்டுவிடாதீர்கள். சொத்து விவரம், மொத்த விலை, ஒவ்வொரு தவணையின் தொகையும் தேதியும் எல்லோரும் எழுதுவதுதான். விட்டுப்போவது வேறு. விற்பவருக்கு அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்தால் எவ்வளவு பாக்கி என்று எழுதி, உங்கள் தவணை நேராக அந்தக் கடன் கணக்குக்கே போகும்படி வையுங்கள். இல்லையென்றால் நீங்கள் கட்டிக்கொண்டே இருப்பீர்கள், அவர் வங்கிக்குக் கட்ட மாட்டார், ஒருநாள் ஏல நோட்டீஸ் சுவரில் ஒட்டப்படும். தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசம், எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டுமா, ரத்தானால் எவ்வளவு பிடித்துக்கொண்டு மீதியை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுதுங்கள். முன்கூட்டியே மொத்தமாகக் கட்டினால் வட்டி குறையுமா? வீட்டில் இப்போதே குடியேறுகிறீர்கள் என்றால் வீட்டு வரி, கரண்ட் பில், கூரை ஒழுகினால் பழுதுச் செலவு யாருடையது? விற்பவர் இறந்தால் வாரிசுகள் கிரையம் செய்து தரக் கடமைப்பட்டவர்கள் என்ற வரியையும் சேருங்கள். சட்டப்படி அவர்கள் கட்டுப்பட்டவர்கள்தான். ஆனாலும் அவர்கள் படிக்கும் தாளில் அது இருப்பது நல்லது.

குடியேறுபவர்களுக்கு இன்னொன்று. ஒப்பந்தப்படி சொத்தைச் சுவாதீனத்தில் வைத்திருப்பவரை வெளியேற்றாமல் காக்கும் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் பிரிவு 53ஏ, 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதிவான ஒப்பந்தத்துக்கு மட்டுமே கைகொடுக்கும்.

ஏற்கெனவே பதிவில்லாத ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மனம் தளர வேண்டாம். ஒப்பந்தப்படி கிரையம் செய்து தரச் சொல்லும் வழக்கில், அதாவது ஏற்றதை ஆற்றக் கோரும் வழக்கில், பதிவில்லாத ஒப்பந்தத்தையும் சாட்சியமாக ஏற்கலாம் என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் 2023-இல் சொல்லியிருக்கிறது.

ஆறாம் படி: பணம் கட்டும் காலம்

வங்கி வழியாக மட்டும். ஒப்பந்தத்தில் விற்பவராகக் கையெழுத்திட்டவரின் கணக்குக்கு மட்டும். ஏஜென்ட்டின் ஜிபேக்கு அனுப்பிய பணத்தை நிறுவனம் "எங்களுக்கு வரவில்லை" என்று சொல்ல முடியும். சொத்துக்கான முன்பணத்தை 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதை வருமான வரிச் சட்டமே தடை செய்கிறது. அபராதம் வாங்கியவருக்குத்தான். அதனால் ரொக்கம் கேட்பவரிடம் இதைத் தைரியமாகச் சொல்லலாம்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வில்லங்கம் போட்டுப் பாருங்கள். நீங்கள் பணம் கட்டும் சொத்தில் புதிய பதிவு எதுவும் ஏறவில்லை என்று தெரிந்துகொள்ள இதைவிட எளிய வழி கிடையாது.

விற்பவர் தவணையை வாங்க மறுத்தால் வீட்டில் உட்கார்ந்துவிடாதீர்கள். பின்னால் கிரையம் செய்து தர மறுப்பதற்காக அவர் இப்படிச் செய்வதுண்டு. "நான் பணத்தோடு தயாராக இருக்கிறேன்" என்று பதிவுத் தபாலில் எழுதுங்கள். கணக்கில் பணம் இருந்ததற்கான வங்கிப் பக்கத்தை எடுத்து வையுங்கள். ஒப்பந்தத்தை நிறைவேற்ற நீங்கள் எப்போதும் தயாராகவும் விருப்பமாகவும் இருந்தீர்கள் என்று காட்டாமல் கிரையம் கேட்கும் வழக்கில் வெல்ல முடியாது.

தவணை தவறிவிட்டால்

வேலை போகும், உடம்புக்கு முடியாமல் போகும். உடனே எழுத்தில் அவகாசம் கேளுங்கள். கட்டியதெல்லாம் போச்சு என்று மிரட்டினால் பயப்பட வேண்டாம். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-இன்படி, ஒப்பந்தம் முறிந்தால் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் வாங்க முடியாது. ஒப்பந்த உறுதிக்காக முதலில் கொடுத்த முன்பணத்தைப் பறிமுதல் செய்வது வேறு, அதன் பிறகு விலையின் பகுதியாகக் கட்டிய தவணைகளையெல்லாம் விழுங்குவது வேறு. நீதிமன்றங்கள் இந்த வித்தியாசத்தைப் பார்க்கின்றன. அதோடு, வாங்குபவர் முறையாகக் கட்டிய தொகைக்கு அந்தச் சொத்தின் மேலேயே பிணையுரிமை உண்டு என்று சொத்துரிமை மாற்றுச் சட்டம் பிரிவு 55 சொல்கிறது. வழக்குப் போடும்போது, கிரையம் கிடைக்காவிட்டால் பணத்தையாவது திருப்பித் தர வேண்டும் என்று மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும். கேட்காததைத் தர நீதிமன்றத்துக்கு வழியில்லை. வக்கீலிடம் இதை நினைவூட்டுங்கள்.

கடைசித் தவணையும் பத்திரமும்

கடைசித் தவணையை முன்னால் கொடுத்துவிட்டுப் பத்திரத்துக்காகக் காத்திருக்காதீர்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் போட்ட நாளில், கையெழுத்தும் பணமும் ஒரே மேசையில் மாறட்டும். விலை 50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ஒவ்வொரு தவணையிலும் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டுவது உங்கள் பொறுப்பு. அதன் சான்றுகளையும் எடுத்துப் போங்கள். பதிவு முடிந்ததும் மறுபடி ஒரு வில்லங்கம், பிறகு பட்டா மாற்றம். மனையானால் சர்வேயரை வைத்து அளந்து கல் நடுங்கள்.

சிக்கல் வந்தால் எங்கே போவது, எத்தனை நாளுக்குள்

நாள் கணக்குதான் எங்களைத் தோற்கடித்தது. கிரையம் செய்து தரச் சொல்லும் வழக்கை ஒப்பந்தத்தில் குறித்த தேதியிலிருந்து 3 ஆண்டுக்குள் போட வேண்டும். தேதியே குறிக்கவில்லை என்றால், அவர் மறுத்தது உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு. அம்மாவின் அட்டையில் 60-ஆவது மாதம் பத்திரம் என்று அச்சிட்டிருந்தது. அந்த மாதம் 2014-இல் வந்தது. "அடுத்த மாசம்" என்ற பேச்சை நம்பி அலைந்துவிட்டு நாங்கள் வக்கீலைப் பார்த்தது 2018-இல். அவர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒரு வருஷம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றுதான் கேட்டார்.

நிறுவனம் என்றால் தமிழ்நாடு ரெராவில் புகார் தரலாம். சொன்ன தேதிக்குள் ஒப்படைக்காவிட்டால் பணத்தை வட்டியுடன் திரும்பக் கேட்கும் உரிமை பிரிவு 18-இல் இருக்கிறது. அல்லது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அங்கே காலக்கெடு 2 ஆண்டு. கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. சாலை, வடிகால் என்று மேம்படுத்தித் தரும் மனைத் திட்டம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் சேவைதான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் ஏற்றிருக்கிறது. தனிமனிதர் தன் காலி மனையை விற்பது அதில் வராது, அதற்கு சிவில் நீதிமன்றம்தான். நுகர்வோர் உதவி எண் 1915.

பணம் திரட்டிவிட்டு ஆளே காணாமல் போனால் காவல்துறையின் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். முதலீட்டாளர் நலன் காக்கும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தில் அந்த நிறுவனத்தின் சொத்துகளை முடக்க வழியிருக்கிறது. தனியாகப் போகாமல், உங்களைப் போலவே அட்டை வைத்திருப்பவர்களைத் தேடிச் சேர்த்துக்கொண்டு போங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லை என்று யாரும் காலக்கெடுவைத் தவறவிட வேண்டாம். ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் அமர்த்தித் தருவார்கள். தொலைபேசி எண் 15100. 2014-இல் அம்மாவுக்கும் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது, எங்களில் யாருக்கும் தெரியவில்லை.